ஒன்பது பேர், 3,62,880 வரிசைகள்

[எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்கத் தோதா கொஞ்சம் திருத்தியிருக்கேன்.]

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னாடி, வேலை விஷயமா அமெரிக்காவில் இருந்தப்போ, எங்க ஆபீஸ் சாஃப்ட்பால் டீமுக்காக நான் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். மொத்தமே எண்பது வரிதான் இருக்கும். அந்த எண்பது வரி, ஒரு மனுஷனை மைதானத்துப் பக்கமே வராம பண்ணிடுச்சு.

சாஃப்ட்பால் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பாலோட சித்தி பொண்ணுன்னு வெச்சுக்கங்க. 1887-ல் சிகாகோவில் ஒரு படகு கிளப்புக்குள்ள, பாக்ஸிங் கிளவுஸைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால அடிச்சு ஆரம்பிச்ச விளையாட்டு. பந்து கொஞ்சம் பெருசு, மைதானம் சின்னது, பந்தைக் கையைக் கீழே இருந்து வீசிப் போடணும். எங்க ஆபீஸ் ஆடினது அதுலயே மெதுவான வகை. டீமுக்கு பத்து பேர். வியாழக்கிழமை சாயங்காலம், வேலை முடிஞ்சதும், பக்கத்துப் பூங்கா மைதானத்துல ஆட்டம்.

மூணு ஆட்டம் முடிஞ்சப்போ கேப்டன் என்கிட்ட வந்து, "நீதான் டேட்டா ஆளாச்சே, பேட்டிங் ஆர்டரை நீயே போட்டுடு"ன்னார். விடுவேனா? பத்து பேரை வரிசையில நிறுத்த 36,28,800 வழி இருக்கு. ஸ்கோர் புக்கை எடுத்து டைப் பண்ணி, வரிசையை மாத்தி மாத்திப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஆயிரக்கணக்கான பொய் ஆட்டங்களை லேப்டாப்ல ஓடவிட்டேன். பதில் வந்துச்சு. பத்துக்கு ஏழு தடவை ஹிட் அடிச்சிருந்த நான் ரெண்டாவது. பத்துக்கு மூணு மட்டும் அடிச்சிருந்த ஒரு பெரியவர் பத்தாவது. அம்பது வயசைத் தாண்டினவர். பல வருஷமா அந்த டீம்ல நாலாவதா இறங்கினவர்.

அடுத்த வியாழன், கம்பி வேலியில ஒட்டியிருந்த பேப்பரை அவர் நின்னு படிச்சார். ஒண்ணும் சொல்லலை. பத்தாவதா ஆடிட்டுப் போனார். அதுக்கு அடுத்த வாரம் வரலை. அதுக்கு அடுத்த வாரமும் வரலை.

அப்போதான் எனக்கு இந்தக் கேள்வி வந்துச்சு. எனக்கு முன்னாடி இதையே எத்தனை பேர் செஞ்சிருப்பாங்க? அவங்க கணக்கு என்ன சொல்லுச்சு? தேடிப் போனா, நூறு வருஷத்துக்கு மேல நீளுற கதை. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

கிரிக்கெட் மூளையை ஓரமா வைங்க

நம்ம எல்லாருக்கும் பேட்டிங் ஆர்டர்னா கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அங்க பதினோராவது ஆளுக்கு பேட் பிடிக்க வாய்ப்பே வராமப் போகலாம். பேஸ்பால்ல அப்படி இல்லை. ஒன்பது பேரும் ஒரு வட்டத்துல நிக்கிறாங்க. மூணு அவுட் ஆனா இன்னிங்ஸ் முடிஞ்சுது. அடுத்த இன்னிங்ஸ் முதல் ஆள்கிட்ட இருந்து ஆரம்பிக்காது. போன தடவை எங்க நின்னுதோ, அதுக்கு அடுத்த ஆள்தான் வருவார். ஒன்பது இன்னிங்ஸ், மொத்தம் 27 அவுட். அந்த 27 அவுட்தான் டீம் கையில இருக்கிற மொத்தக் காசு. தீர்ந்துட்டா ஆட்டம் முடிஞ்சுது.

ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னாடியே மேனேஜர் வரிசையை எழுதிக் கொடுத்துடணும். நம்ம ஊர் மாதிரி "இப்போ ஸ்பின்னர் போடுறான், நீ முன்னாடி போ"ன்னு அனுப்ப முடியாது. மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம், ஆனா அவரும் வெளியே போனவரோட இடத்துலதான் ஆடணும்.

இதுல ஒரு சின்னக் கணக்கு ஒளிஞ்சிருக்கு. ஆட்டத்தோட கடைசி ஆள் யாரா வேணா இருக்கலாம். ஒன்பது இடத்துக்கும் ஏறக்குறைய சம வாய்ப்புன்னு வெச்சுக்கிட்டா, வரிசையில ஒரு இடம் கீழே போற ஆளுக்கு, ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு தடவை பேட்டிங் குறையும். பெரிய லீக்ல ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். 162-ஐ ஒன்பதால வகுத்தா 18. அதாவது ஒரு படி இறங்கினா, வருஷத்துக்கு 18 வாய்ப்பு போச்சு. முதல் இடத்துல இருந்து ஒன்பதாவதுக்குப் போனா 144. இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

முதுகுல எழுதின வரிசை

எண்கள் வர்றதுக்கு முன்னாடி இருந்தது ஒரு சமையல் குறிப்பு மாதிரியான வழக்கம். முதல் ஆள் வேகமா ஓடணும். ரெண்டாவது ஆள், தான் அவுட் ஆனாலும் பரவாயில்லைன்னு முன்னாடி நிக்கிறவரை அடுத்த பேஸுக்கு நகர்த்தணும். மூணாவது டீமோட சிறந்த பேட்ஸ்மேன். நாலாவது பலசாலி; பேஸ்ல நிக்கிற எல்லாரையும் ஒரே அடியில வீட்டுக்கு அனுப்பறவர். அதனாலதான் அந்த இடத்துக்கு "கிளீனப்"னு பேரு. அப்படியே இறங்கி, ஒன்பதாவதா பிட்சர்.

இந்த வழக்கம் எவ்வளவு இறுகிப் போயிருந்துச்சுன்னா, 1929-ல் நியூயார்க் யாங்கீஸ் டீம் சட்டை முதுகுல நம்பர் போட்டப்போ, பேட்டிங் வரிசையையே நம்பரா போட்டாங்க. பேப் ரூத்துக்கு 3. லூ கெரிக்குக்கு 4. பேட்டிங் ஆர்டர்ங்கிறது பேப்பர்ல எழுதுற விஷயமா இல்லாம, ஆளோட அடையாளமாவே ஆயிடுச்சு. எங்க டீம் பெரியவருக்கு நாலாவது இடம் என்னவா இருந்திருக்கும்னு எனக்கு லேட்டாதான் புரிஞ்சுது.

அளக்கிற அளவுகோல்லயும் ஒரு கோளாறு இருந்துச்சு. பேஸ்பால் புள்ளிவிவரத்துக்கு அடித்தளம் போட்டவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, சின்ன வயசுலயே புரூக்ளினுக்கு வந்து, கிரிக்கெட் நிருபரா இருந்தவர். 1859 வாக்குலயே பேஸ்பால் ஆட்டத்தை ஒரு கட்டத்துக்குள்ள எண்களா சுருக்கி எழுதினார். அந்தக் காலத்துல இருந்து வளர்ந்து வந்ததுதான் பேட்டிங் ஆவரேஜ்: ஹிட் எண்ணிக்கையை வாய்ப்பு எண்ணிக்கையால வகுக்கிறது. பிட்சர் நாலு தப்பான பந்து போட்டா பேட்ஸ்மேன் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதுக்கு "வாக்"னு பேரு. பேட்டிங் ஆவரேஜ் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. 1887-ல் ஒரே ஒரு சீசன் மட்டும் வாக்கையும் ஹிட்டா எண்ணிப் பார்த்தாங்க. ஆவரேஜ் எல்லாம் எகிறிப் போச்சு. அடுத்த வருஷமே கைவிட்டுட்டாங்க.

27 அவுட்தான் மொத்தக் காசுன்னு சொன்னேன் இல்லையா? அப்போ அவுட் ஆகாம பேஸுக்குப் போனவர், அடிச்சுப் போனா என்ன, நடந்து போனா என்ன? இந்தக் கேள்வியை ஒரு டீமுக்குள்ள உட்கார்ந்து தினமும் கேட்ட முதல் ஆள்கள்ல ஒருத்தர் ஆலன் ராத். மான்ட்ரியல்காரர். 1947-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமோட தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை முழுநேரப் புள்ளிவிவரக்காரரா சேர்த்துக்கிட்டார். அதே வருஷம் ஜாக்கி ராபின்சனை இறக்கி பேஸ்பாலோட நிறவெறிச் சுவரை உடைச்ச அதே ரிக்கிதான். ராத் சொன்னது ஆன்-பேஸ் சதவீதம்: நூறு தடவை பேட் பிடிச்சா எத்தனை தடவை அவுட் ஆகாம பேஸுக்குப் போறார்? பெரிய லீக் அதை அதிகாரபூர்வப் புள்ளிவிவரமா ஏத்துக்கிட்டது 1984-ல். 37 வருஷம் ஆச்சு.

அப்பாவின் நோட்டுப் புத்தகம்

அடுத்த ஆள் எனக்கு ரொம்பப் பிடிச்சவர். ஜார்ஜ் லிண்ட்சி. கனடாவோட பாதுகாப்புத் துறையில ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பண்ணினவர். அவருக்கு ஒரு சந்தேகம்: ஆட்டத்தோட எந்தக் கட்டத்துல எத்தனை ரன் எதிர்பார்க்கலாம்? இப்போ ஒரு கிளிக்ல கிடைக்கிற டேட்டா அப்போ எங்கேயும் இல்லை. அவரோட அப்பா, ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி, ரேடியோவையும் டிவியையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஒவ்வொரு நகர்வா எழுதி வெச்சார். மகன் அதை அட்டவணையாக்கி 1963-ல் ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டார்.

அந்த அட்டவணையோட அழகு என்னன்னா: மூணு பேஸ்ல யார் யார் நிக்கலாம்னு எட்டு வகை. அவுட் பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னு மூணு வகை. மொத்தம் 24 நிலை. பேஸ்பால் இன்னிங்ஸ்ல எந்த நொடியை எடுத்தாலும் அது இந்த 24-ல் ஒண்ணுதான். யாருமே பேஸ்ல இல்லாம, அவுட்டும் ஆகாம இன்னிங்ஸ் ஆரம்பிக்கும்போது எதிர்பார்க்கிற ரன் சுமார் அரை. மூணு பேஸும் நிரம்பி, அவுட்டே இல்லைன்னா ரெண்டுக்கு மேல. ஒவ்வொரு பேட்ஸ்மேனும் ஆட்டத்தை ஒரு கட்டத்துல இருந்து இன்னொரு கட்டத்துக்குத் தள்ளுறார். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு மணி அடிச்சிருக்கும்: ப்ராபபிலிட்டி பேப்பருக்குப் படிச்சு, எக்ஸாம் ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்தோமே, அந்த மார்க்கோவ் செயின்! 1997-ல் புரூஸ் பக்கியட்டும் கூட்டாளிகளும் இதையே வெச்சு, எந்த வரிசைக்கு எத்தனை ரன்னுன்னு கணக்குப் போடும் முறையை வெளியிட்டாங்க. நான் எழுதின எண்பது வரிக்குத் தாத்தா அந்த அப்பாவோட நோட்டுப் புத்தகம்தான்.

1964-ல் எர்ன்ஷா குக்னு ஒரு இன்ஜினியர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோட தொடர்புடையவர், பேஸ்பால் சதவீதங்களைப் பத்தி சூத்திரங்கள் நிறைஞ்ச ஒரு தடிமனான புத்தகம் போட்டார். சமையல் குறிப்பைத் தூக்கிப் போடுங்க, திறமைப்படி இறங்கு வரிசையில நிறுத்துங்க, சிறந்தவர் முதல்ல ஆடட்டும்னார். காரணம் நம்ம 18-தான். யாருக்கு அதிக வாய்ப்பு கிடைக்கணும்? நல்லா ஆடுறவருக்குத்தானே!

குப்பைக்கூடைக்குப் போன பிரிண்ட்அவுட்

இப்போ கதையோட ஹீரோ. டேவி ஜான்சன். பால்டிமோர் ஓரியோல்ஸ் டீமோட செகண்ட் பேஸ்மேன், கணிதப் பட்டதாரி. 1960-களோட கடைசி, 70-களோட ஆரம்பம். ஓரியோல்ஸ் முதலாளிக்கு ஒரு பீர் கம்பெனி இருந்துச்சு. அந்தக் கம்பெனியில ஒரு ஐபிஎம் கம்ப்யூட்டர் இருந்துச்சு. ஜான்சன் அதுல தன் டீமோட பேட்டிங் வரிசைகளை ஓடவிட்டுப் பார்த்தார். ஆடுற ஆளே தன் டீமுக்கு சிமுலேஷன் எழுதுறது, அதுவும் அந்தக் காலத்துல, நினைச்சுப் பாருங்க.

பிரிண்ட்அவுட்டை எடுத்துக்கிட்டு மேனேஜர் ஏர்ல் வீவர்கிட்ட போனார். அதுல இருந்த பரிந்துரைகள்ல முக்கியமான ஒண்ணு: வழக்கமா வரிசையோட கீழ்ப்பாதியில ஆடுற டேவி ஜான்சனை ரெண்டாவதா இறக்கணும்.

ஆமா மக்களே. அவருக்கும் ரெண்டாவது இடம்தான் வந்துச்சு. படிச்சப்போ எனக்குக் காது சூடாயிடுச்சு.

வீவர் அந்தக் காகிதத்தைக் குப்பைக்கூடையில போட்டார்னு ஜான்சனே பின்னாள்ல சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கார். இந்தக் கதையை "எண்ணைப் புரிஞ்சுக்காத பழைய ஆள்"னு முடிச்சுடலாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா வீவர் அப்படிப்பட்டவர் இல்லை. எந்த பேட்ஸ்மேன் எந்த பிட்சரை எப்படி ஆடியிருக்கார்னு கார்டுல எழுதி வெச்சுக்கிட்டு அதைப் பார்த்து முடிவெடுத்தவர் அவர். அவரோட டீம் 1969-ல் 109 வெற்றி, 1970-ல் 108, 1971-ல் 101. அவுட்டை வீணாக்காதேங்கிறதை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்றதுக்கு முன்னாடி சொன்னவர். அவர் எண்களை மதிச்சார். இந்த எண் தன் டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள என்ன பண்ணும்னு யோசிச்சிருப்பாரோன்னு எனக்குத் தோணும். இது என் ஊகம்தான்.

ஜான்சன் விடலை. 1984-ல் நியூயார்க் மெட்ஸ் டீமுக்கு மேனேஜர் ஆனப்போ பர்சனல் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டுப் போனார். 1986-ல் அந்த டீம் 108 ஆட்டம் ஜெயிச்சு, வேர்ல்டு சீரிஸையும் ஜெயிச்சுது. குப்பைக்கூடையில இருந்து கோப்பை வரைக்கும்னு இதை ஒரு சினிமாவாவே எடுக்கலாம்.

தொப்பியும் நிலத்தடி நீரும்

இதுவரைக்கும் கேட்டா "சரியான வரிசை ஒண்ணு இருக்கு, அதைக் கண்டுபிடிச்சா ஜெயிச்சுடலாம்"னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இப்போ ரெண்டு சம்பவம் சொல்றேன்.

முதல் சம்பவம்: 1972 ஆகஸ்ட் 13. டெட்ராய்ட் டைகர்ஸ் டீம் சரிவுல இருக்கு. மேனேஜர் பில்லி மார்ட்டின் எட்டு பேரோட பேரையும் துண்டுச்சீட்டுல எழுதி, ஒரு தொப்பியில போட்டுக் குலுக்கி எடுத்தார். பிட்சரை மட்டும் ஒன்பதாவதா விட்டுட்டார். பலசாலி நார்ம் கேஷ் முதல் ஆளா வந்தார். அடிக்கிறதைவிடத் தடுக்கிறதுக்குப் பேர்போன எட் பிரிங்க்மன் கிளீனப். ஆட்டம் என்னாச்சு? 3-2ன்னு கிளீவ்லாண்டை ஜெயிச்சாங்க! அன்னைக்கே இன்னொரு ஆட்டமும் இருந்துச்சு. அதுல ஒழுங்கான வரிசைக்குத் திரும்பினாங்க. தோத்துட்டாங்க.

ஒரு ஆட்டத்தை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது, சரி. அப்போ எத்தனை ஆட்டம் வேணும்? ரெண்டாவது சம்பவம் அதுக்குத்தான். 1974-ல் ஆலன் ஃப்ரீஸ்னு ஒரு விஞ்ஞானி பேட்டிங் வரிசையைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். பேரைக் கேட்டதும் சிவில் படிச்சவங்க யாராவது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க. ஆமா, நிலத்தடி நீர் பாடத்துக்கு உலகம் முழுக்கப் படிக்கிற ஃப்ரீஸ், செர்ரி புத்தகத்தோட அதே ஃப்ரீஸ். பேஸ்பால் மேல ஆசை. மான்டி கார்லோ முறையில, அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே பகடை உருட்டி உருட்டி, 2 லட்சம் ஆட்டங்களை ஓடவிட்டார்.

முடிவு என்ன தெரியுமா? பேட்டிங் வரிசைக்கு ஆட்டத்தோட முடிவு மேல ரொம்பச் சின்ன பாதிப்புதான். வரிசையை மாத்துறதால வர்ற வித்தியாசம், 162 ஆட்டத்துல மூணு ஆட்டத்துக்குள்ள அடங்கிடுது.

மூணு ஆட்டம்னா சின்னதான்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அந்த 1972-ல் டெட்ராய்ட் தன் பிரிவைப் பிடிச்சது அரை ஆட்ட வித்தியாசத்துல! அப்படி ஒரு ரேஸ்ல ஒரு வெற்றிகூடப் பொன்தான். ஆனா ஃப்ரீஸ் சொன்ன மூணு ஆட்டம் நல்ல வரிசைக்கும் கோமாளித்தனமான வரிசைக்கும் நடுவுல. நியாயமான ரெண்டு வரிசைக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம் அதைவிடக் குறைவு.

பழைய குறிப்பில் எது தப்பு?

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். கான்சாஸ்ல ஒரு டின் உணவுத் தொழிற்சாலையில இரவுக் காவலாளியா இருந்த பில் ஜேம்ஸ், 1977-ல் தன் செலவுலயே பேஸ்பால் புள்ளிவிவரப் புத்தகம் போட்டார். முதல் வருஷம் வித்தது 75 பிரதி. அங்க இருந்து கிளம்பின வண்டிதான் ஓக்லாண்டு டீம், 'மணிபால்' புத்தகம், பிராட் பிட் படம்னு போய் நின்னுது.

பேட்டிங் வரிசையைப் பத்தின கணக்கை நல்லா சலிச்சு எடுத்தது டாம் டாங்கோ, மிட்செல் லிக்ட்மன், ஆண்ட்ரூ டால்ஃபின் மூணு பேரும் 2006-ல் எழுதின 'தி புக்'. அவங்க சொன்னது: டீமோட சிறந்த மூணு பேர் 1, 2, 4 இடங்கள்ல ஆடணும். மூணாவது இடம் நாம நினைச்ச அளவுக்கு முக்கியமில்லை. ஏன்? முதல் இன்னிங்ஸை யோசிங்க. முதல் ரெண்டு பேரும் அவுட் ஆனா, மூணாவது ஆள் ரெண்டு அவுட்டோட, காலி மைதானத்துல வந்து நிக்கிறார். ரெண்டாவது ஆள்தான் பழைய குறிப்புல அநியாயமா வீணானவர். தன்னைத் தியாகம் பண்ணி அடுத்தவரை நகர்த்துற வேலையை அவருக்குக் கொடுத்தாங்க. தியாகம்னா என்ன? 27-ல் ஒரு காசைத் தூக்கிக் கொடுக்கிறது.

இதெல்லாம் மெல்ல மைதானத்துக்கும் வந்துச்சு. 1998-ல் டோனி லா ரூசா, மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன் அடிச்ச அந்த சீசன்ல, பிட்சரை ஒன்பதாவதுல இருந்து எட்டாவதுக்கு ஏத்தினார். வட்டம்னு சொன்னேனே, ஒன்பதாவது ஆளுக்கு அடுத்தவர் முதல் ஆள். அவருக்கு முன்னாடி ஒழுங்கா பேஸுக்குப் போற ஒருத்தர் இருக்கட்டும்னுதான். சமீபத்துக்கு வந்தா, 2024-ல் ஷோஹெய் ஒட்டானி. மூக்கி பெட்ஸ் காயத்துல வெளியே போனதும் டாட்ஜர்ஸ் அவரை முதல் இடத்துக்கு மாத்துச்சு. அந்த வருஷம் அவர் 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு. சாட்விக் காலத்து ஆள் யாராவது இருந்திருந்தா "54 ஹோம் ரன் அடிக்கிறவனை நாலாவதா போடாம முதல்ல போடுறான் பாரு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டிருப்பார். ஒட்டானிக்கு அந்த இடம் கொடுத்தது வேறொண்ணும் இல்லை, படிக்கு 18 வாய்ப்பு.

ஆனா 'தி புக்' ஆள்களே சொல்ற அளவு என்ன? வரிசையைச் சரியா போட்டா ஒரு சீசனுக்குக் கிடைக்கிறது 10, 15 ரன். பேஸ்பால்ல சுமார் பத்து ரன்னுக்கு ஒரு வெற்றின்னு கணக்கு. ஆக, ஒரு வருஷத்துக்கு ஒரு வெற்றி, மிஞ்சினா ஒண்ணரை. சாட்விக்ல இருந்து ஒட்டானி வரைக்கும் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

அப்போ இத்தனை பேர் வீணா உழைச்சாங்களா? இல்லை. வரிசையைத் தேடிப் போனவங்க கையில கிடைச்சது வேற பொருள். யாரை டீம்ல எடுக்கணும், வாக்குக்கு என்ன மதிப்பு, அவுட்டுக்கு என்ன விலைன்னு எல்லாம் இந்தத் தேடல்ல விழுந்த பழங்கள்தான். வரிசை மட்டும் சின்ன விஷயமாவே நின்னுடுச்சு.

மறுபடியும் அந்த வியாழக்கிழமை

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்போ என் ஸ்கிரிப்டைத் திரும்பத் திறந்தேன். முதல்ல பார்த்தது, புது வரிசைக்கும் பழைய வரிசைக்கும் ஆட்டத்துக்கு எத்தனை ரன் வித்தியாசம்னு. அரை ரன்கூட இல்லை. ஒரு ஆட்டத்துல பதினைஞ்சு ரன் சாதாரணமா போற லீக் அது. அன்னைக்கே அந்த எண் என் திரையில இருந்துச்சு. "எது பெஸ்ட்"னு மட்டும் பார்த்தேன், "எவ்வளவு பெஸ்ட்"னு பார்க்கலை.

ரெண்டாவது, அவரோட பத்துக்கு மூணு. அவர் நிஜத்துல ரெண்டுக்கு ஒரு தடவை அடிக்கிற ஆள்னு வெச்சுக்கங்க, காசு சுண்டுற மாதிரி. பத்து தடவை சுண்டி, மூணு அல்லது அதுக்குக் குறைவா தலை விழ வாய்ப்பு எவ்வளவு? 1024-க்கு 176. ஏறக்குறைய ஆறுல ஒண்ணு. பகடையை உருட்டினா ஒண்ணு விழுற வாய்ப்பு. இப்போ என் பத்துக்கு ஏழு. நானும் அதே மாதிரி ஆள்னு வெச்சா, ஏழு அல்லது அதுக்கு மேல விழ வாய்ப்பு? அதே 176. அவரைக் கீழே இறக்கினதும் என்னை மேலே ஏத்தினதும் ஒரே பகடையா இருக்கலாம். 2 லட்சம் ஆட்டத்தை ஓடவிட்டு ஃப்ரீஸ் தயங்கித் தயங்கிச் சொன்னதை, மூணு ஆட்டத்தை வெச்சுக்கிட்டு நான் வேலியில ஒட்டிட்டேன்.

டேவி ஜான்சன் பொய்க் கணக்குப் போட்டார்னு நான் சொல்லலை. நானும் போடலை. ஆனா கணக்குப் போடுறவனே அந்தக் கணக்குக்குள்ளயும் நின்னா, தனக்குப் பிடிச்ச விடை வந்ததும் சரிபார்க்கிறதை நிறுத்திடுவான். எனக்கு எட்டாவது இடம்னு வந்திருந்தா, கட்டாயம் இன்னொரு தடவை கோடை டீபக் பண்ணியிருப்பேன்.

ஒரு நாள் மதியம் கேன்டீன்ல அவர் எதிர்ல போய் உட்கார்ந்தேன். எல்லாத்தையும் சொன்னேன். ஃப்ரீஸ், மூணு ஆட்டம், காசு சுண்டுறது, எல்லாம். டிஷ்யூ பேப்பர்ல 176-ஐ எழுதிக்கூடக் காட்டினேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "வரிசையால பெரிசா எதுவும் மாறாதுன்னா, என்னை எதுக்குப்பா மாத்தினே?"

என்கிட்ட பதில் இல்லை. மன்னிச்சுடுங்கன்னு மட்டும் சொன்னேன். சூத்திரம் எதுவும் இல்லாம அன்னைக்கு நான் பேசின ஒரே வாக்கியம் அதுதான்.

அந்த வியாழன் அவர் வந்தார். வேலியில பேப்பர் இல்லை. கேப்டன்கிட்ட பில்லி மார்ட்டின் கதையைச் சொல்லியிருந்தேன். பத்து சீட்டு, ஒரு தொப்பி. அவருக்கு ஆறாவது, எனக்கு ஒன்பதாவது. அன்னைக்கு நாங்க தோத்தோம், அதுவும் நல்லாவே தோத்தோம். ஆனா கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் பத்து பேரும் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க.

நீங்களும் ஆபீஸ்ல யாரையாவது வரிசைப்படுத்துற வேலையில இருப்பீங்க. ரேட்டிங், ரேங்க், ஷார்ட்லிஸ்ட்னு பேர்தான் வேற. பட்டியலை ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்டுக்கங்க: முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நிஜமாவே எவ்வளவு வித்தியாசம்? இந்தப் பட்டியல்ல என் பேர் எங்க இருக்கு?